நானூறு டொலரும் ஒரு தலகாணி உறையும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். வத்தேகமையிலேர்ந்து கண்டி டவுனுக்குப் போய் டொலர் வாங்கிட்டு வரணும்.

சண்டை நடந்துகிட்டு இருந்த காலம். பஸ் ஏறினா எறங்குறதுக்குள்ள ஒரு செக் பொயின்ட். ஆனா நான் சொல்ல வந்தது சண்டையப் பத்தி இல்ல. என் கஞ்சத்தனத்தப் பத்தி.

திருச்சியில எங்க அக்கா மகளுக்குக் கலியாணம். அக்கா எண்பத்திமூணு கலவரத்துக்குப் பொறகு, கலியாணம் கட்டின கையோட, மாமாவோட கப்பல் ஏறிப் போனவ. அதுக்குப் பொறகு நான் அவ மொகத்தப் பாக்கல. இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. கடுதாசி, தீபாவளிக்கு ஒரு டெலிபோன் கோல், அவ்வளவுதான். இந்தக் கலியாணத்துக்குப் போகலன்னா இனி அவளப் பாக்கவே மாட்டேன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

சீட்டுக் கட்டிச் சேத்த சல்லி நானூறு டொலருக்குத் தேறும். வெள்ளிக்கெழம பிளேன்.

வீட்டுக்காரரு மாநகர சபையில கிளார்க். லீவு கெடைக்கல. "ராஜி, பேங்க்ல போய் மாத்திக்க. இல்லாட்டி என் கார்டக் கொண்டு போ. அங்கேயே தேச்சுக்கலாம்"னாரு.

அந்தக் கார்ட் எங்க அலுமாரியில சாமி படத்துக்குப் பின்னால இருந்துச்சு. வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம விபூதி வாங்கினதத் தவிர அது வேற ஒரு வேலையும் பாத்ததில்ல.

"வெளிநாட்டுல தேச்சா கமிஷன் உண்டா?"ன்னு கேட்டேன்.

"தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுப்பான்."

"தேய்க்கிறது நான். கமிஷன் அவனுக்கா?"

அவரு பேப்பர எடுத்து மொகத்துக்கு முன்னால விரிச்சுக்கிட்டாரு. என்னக் கட்டின நாள்லேர்ந்து அவரு கத்துக்கிட்ட பெரிய வித்தை அது.

சரி, பேங்க்குக்குப் போனேன். பலகையில ரெண்டு வெல எழுதியிருந்துச்சு. நாம டொலர் குடுத்தா ஒரு வெல, வாங்கினா இன்னொரு வெல. வாங்குற வெலதான் கூட.

"ஒரே டொலருக்கு எதுக்கு மிஸ் ரெண்டு வெல?"

கவுன்டர்ல இருந்த புள்ள சிரிக்காம சொல்லுச்சு. "அது அப்படித்தான் மிஸ்."

"நடுவுல உள்ள சல்லி எங்க போகுது?"

"பேங்க்குக்கு மிஸ்."

கொஞ்சம்கூட வெக்கமில்லாம சொல்லுச்சு! எனக்கு வந்த கோவத்துல பாஸ்போட்ட மடக்கிப் பையில போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டேன். இவங்களுக்கு ஒரு சதம் குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். என் கேடு காலம் அங்கதான் தொடங்குச்சு.

கோயில் பக்கத்து ரோட்டுல நமக்குத் தெரிஞ்ச கல்லுக்கடை நானா ஒருத்தர் இருந்தாரு. அலவத்துகொட முஸ்லிம் ஆளு, அவங்க அண்ணன நானான்னுதான் சொல்றது. வெள்ளைக்காரங்களுக்கு நீலக்கல், பவழமணி எல்லாம் விப்பாரு. சண்டை காலத்துல வெள்ளைக்காரங்க எங்க வர்றாங்க? கல்லு எல்லாம் தூசி புடிச்சுக் கெடந்துச்சு. நானா கதிரையில ஒக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாரு.

"நானா, டொலர் வேணும். பேங்க்ல அநியாய வெல."

"செல்லுங்க தங்கச்சி, எவ்வளவு?"

"நானூறு."

நானா உள்ள போய் ஒரு பிஸ்கட் டின்னத் தூக்கிட்டு வந்தாரு. தொறந்தா, உள்ள பூராவும் ஒத்த டொலர் நோட்டு!

"இது ஹோட்டல் பொடியன்மார், கைட்மார், த்ரீவீல்காரங்க கொண்டு வந்து தாற சல்லி தங்கச்சி. வெள்ளைக்காரன் டிப்ஸ் குடுக்கிறது ஒத்த நோட்டுத்தானே? பேங்க்ல சின்ன நோட்டுன்னா மூஞ்சியச் சுளிக்கிறான். ஒங்களுக்குன்னா பேங்க் வெலைய விட நல்லாக் கொறச்சுத் தாறன்."

"டொலர் டொலர்தானே நானா?"

"பின்ன! அமெரிக்கா ஜனாதிபதி எல்லா நோட்டுலயும் ஈக்கிறார்தானே. ரிசீட் மட்டும் கேக்காதீங்க."

ரிசீட்ட வச்சு என்ன செய்யப் போறோம்? பூஜையா? எடுத்துக்கிட்டேன்.

எடுத்த பொறகுதான் தெரிஞ்சுச்சு, நானூறு நோட்டுன்னா அது ஒரு சாமான்னு. கைப்பைக்குள்ள அடங்கல. அடங்கினாலும் கண்டி பஸ் ஸ்டேண்ட்ல பிளேட் போட்டுப் பைய அறுக்கிறவன் சும்மா விடுவானா? பைய செக் பொயின்ட்ல வேற தொறந்து காட்டணும். ஊரே பாக்கும்.

அங்கதான் என் மூள வேல செஞ்சுச்சு. நல்ல நாள்ல செய்யாது.

அக்காவுக்குக் குடுக்க, வர்ற வழியில ரெண்டு தலகாணி உறை வாங்கிக் கையில வச்சிருந்தேன். ரோசாப்பூ போட்டு, 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'னு தையல் வேல செஞ்சது. நானாட கடைப் பின்னறையில போய், நோட்டெல்லாத்தையும் ஒரு உறைக்குள்ள அடுக்கி, வயித்துல வச்சு, ரெண்டு மொனையையும் இடுப்புக்குப் பின்னால இழுத்துக் கட்டினேன். திருடன் அவுக்கக் கூடாதுன்னு முடிச்சுக்கு மேல முடிச்சாப் போட்டேன். மேல சாரிய நல்லா விட்டுக் கட்டிக்கிட்டு வெளிய வந்தேன்.

நானா பாத்தாரு. பிஸ்கட் டின்ன மூடினாரு.

"பத்திரமாப் போங்க தங்கச்சி"ன்னு மட்டும் சொன்னாரு.

பஸ்ல ஏறினதும் கண்டக்டர் பையன் என்ன மேலயும் கீழயும் பாத்தான். ஒடனே சிங்களத்துல ஒரு சத்தம். "முன் சீட்ல இருக்கிற ஐயா எழும்புங்க! புள்ளத்தாச்சி அம்மா ஒண்ணு ஏறியிருக்கு!"

யாருடா அந்தப் புள்ளத்தாச்சின்னு நானும் திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னால யாரும் இல்ல.

மூத்தவன் ஓ எல் பரீட்சை எழுதப் போறான். சின்னவளுக்குப் பன்னெண்டு. எனக்கு முப்பத்தொம்போது. இல்லன்னு சொல்லியிருக்கலாம். ஆனா இல்லன்னா, அது என்னன்னு கேப்பாங்கல்ல? அதோட சீட்டு வேற காலியாயிருச்சு. மாலை நேரத்து வத்தேகம பஸ்ல சீட்டுக் கெடைக்கிறது லேசான விஷயமா?

ஒக்காந்தேன். சும்மா ஒக்காரல. இடுப்புல ஒரு கைய வச்சு, "அம்மாடி"ன்னு ஒரு பெருமூச்சும் விட்டேன்.

பின் சீட்லேர்ந்து ஒரு குரல். "ராஜி! சொல்லவே இல்லையேடி!"

புஷ்பம் டீச்சர். எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவங்க. வத்தேகமையில தபால் லேட்டாகும், டீச்சர் லேட்டாக மாட்டாங்க.

"எத்தன மாசம்?"

"அஞ்சு டீச்சர்."

"போன மாசம் கோயில்ல பாத்தப்போ ஒண்ணுமே தெரியலையே!"

"இந்த மாசம்தான் டீச்சர் திடீர்னு..."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அணைக்கட்டுக்குக் கிட்ட செக் பொயின்ட். எல்லாரும் எறங்கணும். ஐடென்டிட்டி கார்டக் கையில புடிச்சுக்கிட்டு வரிசையில போகணும். புள்ளத்தாச்சிய விட்டுருவாங்கன்னு நான் நம்பிக்கிட்டுப் போனேன். அந்தக் காலத்துல, குண்டு கட்டியிருப்பாங்களோன்னு வயித்தோட வர்ற பொம்பளையத்தான் மொதல்ல புடிச்சுப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியல. நாட்டு நடப்புப் பேப்பர் எங்க வீட்டுல அவரு மொகத்த மறைச்சுக்கத்தானே இருக்கு!

பொம்பளைங்களுக்குத் தகரத்துல ஒரு சின்ன ரூம், வாசல்ல ஒரு தெரை. உள்ள ஒரு மேசை, யூனிபோர்ம் போட்ட ஒரு ஆமிப் பொம்பளப் புள்ள. இருவது, இருவத்தொண்ணு வயசு இருக்கும்.

"மாச கீயத?"ன்னுச்சு. எத்தனை மாசம்னு கேக்குது.

பதட்டத்துல எனக்கு எட்டுன்னு வந்துருச்சு.

தெரைக்கு வெளியிலேர்ந்து புஷ்பம் டீச்சர் நல்ல சிங்களத்துல திருத்தினாங்க. "இல்ல மகள், அஞ்சு! அவங்களுக்குக் கணக்கு வராது!"

அந்தப் புள்ள என் வயித்துல கைய வச்சுச்சு. வயித்துக்கு மூலை இருந்துச்சு! கெட்டியா, சதுரமா, பின்னால இழுத்துக் கட்டின முடிச்சோட.

அவ மொகம் வெளுத்துப் போச்சு. ரெண்டு எட்டுப் பின்னால வச்சா. தெரையக் கிழிக்காத கொறையா வெளிய பாஞ்சு ஊதல் ஊதினா.

அப்புறம் நடந்தது எல்லாம் எனக்குச் சத்தமாத்தான் தெரியும். வெளியில ஓடுற சத்தம். வடை விக்கிற ஆளு யாரோ சட்டியப் போட்டுட்டு ஓடின சத்தம். நாங்க வந்த பஸ்காரன் ஆள் இல்லாமலே ரிவர்ஸ்ல போன சத்தம்!

"கையத் தூக்கு! அசையாத!" மண்மூட்டைக்குப் பின்னாலேர்ந்து ஒரு ஐயா சிங்களத்துல கத்துறாரு.

இப்போ எழுதுறப்போ சிரிப்பு வருது. அப்போ வரல. இதவிடச் சின்ன விஷயத்துக்கு இழுத்துட்டுப் போன ஆளுங்கள எனக்குத் தெரியும். அவ்வளவுதான், இனி அக்காவப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன். அழுகைதான் வந்துச்சு.

"சல்லி! சேர், சல்லி!"ன்னு கத்தினேன். நல்லவேள, சல்லி ரெண்டு பாஷையிலயும் சல்லிதான்.

"அப்படின்னா அவுத்து மேசையில வை! மெதுவா!"

அவுக்கணுமே! திருடன் அவுக்கக் கூடாதுன்னு போட்ட முடிச்சு. நானும் அவுக்க முடியல. "சீக்கிரம்!"னு ஒரு குரல், "மெதுவா!"ன்னு இன்னொரு குரல். பின்னால கைய விட்டு, நகம் ஒடைஞ்சு, கடைசியில உறையே கிழிஞ்சு வந்துருச்சு. மேசையில கொட்டினேன்.

மொதல்ல எட்டிப் பாத்தது அந்தப் புள்ளதான். ரோசாப்பூவப் பாத்தா, 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'ஐப் பாத்தா, நோட்டப் பாத்தா. அப்படியே தரையில ஒக்காந்து ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டா. பாவமா இருந்துச்சு எனக்கு.

பெரிய ஐயா வந்தாரு. தமிழ் கொஞ்சம் தெரிஞ்ச ஆளு.

"எங்க வாங்கின?"

"டவுன்ல சேர்."

"ரிசீட்?"

"கேக்கல சேர்."

"ரிசீட் இல்லாத டொலர் சட்டவிரோதம். எல்லாத்தையும் எடுத்துப் பொலிஸ்ல குடுக்கணும். நீயும் வரணும்."

"சேர், வெள்ளிக்கெழம பிளேன் சேர். எங்க அக்காவப் பாத்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு சேர்."

"அது எனக்குத் தெரியாது. சட்டம்." கதிரைய இழுத்துப் போட்டு ஒக்காந்தாரு. புடிச்ச ஒவ்வொரு நோட்டோட நம்பரையும் எழுதணும். மூணு பிரதி. கார்பன் தாள வச்சு எழுத ஆரம்பிச்சாரு.

மொத நோட்டு. இங்கிலீஷ் எழுத்து, நீட்டு நம்பர், திரும்ப ஒரு எழுத்து. எழுதினாரு. ரெண்டாவது நோட்டு. எழுதினாரு. ஒரு பத்துப் பன்னெண்டு நோட்டு எழுதியிருப்பாரு, ஆத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு காத்து. எழுதினதும் எழுதாததும் ஒண்ணாக் கலந்து தரையெல்லாம் பறந்துச்சு. ரெண்டு ஆமிக்காரங்க, நான், அந்தப் புள்ள, எல்லாரும் குனிஞ்சு பொறுக்கினோம்.

வெளியில பஸ், லொறி எல்லாம் வரிசையில நின்னு ஹோர்ன் அடிக்குது. ஐயாட தேத்தண்ணி ஆறிப்போச்சு. அவரு நோட்டுக் குமியப் பாத்தாரு. பேனாவப் பாத்தாரு. என்னப் பாத்தாரு.

"ஏன் பெரிய நோட்டா வாங்கல? நாலு நூறுன்னா நாலு நம்பர். இந்நேரம் ஒன்ன ஜீப்ல ஏத்தியிருப்பேன்."

"சின்ன நோட்டு வெல கொறவு சேர்."

ஐயா பேனாவ மூடி வச்சாரு. அப்புறம் கார்பன் தாள உருவி, எழுதினதக் கசக்கி எறிஞ்சாரு.

"யன்ன!"ன்னு கத்தினாரு. போகச் சொல்றாரு! "என் கண்ணு முன்னால நிக்காத!"

நான் நிப்பேனா? கிழிஞ்ச உறையோட அள்ளி நெஞ்சோட கட்டிக்கிட்டு ஓடினேன்.

பஸ் திரும்பி வந்து நின்னுச்சு. யாரும் எனக்கு எழும்பி எடம் குடுக்கல. புஷ்பம் டீச்சர் மட்டும் காதுக்குள்ள வந்து, "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் ராஜி"ன்னாங்க. வத்தேகமையில எறங்கினப்போ, செக் பொயின்ட்ல குண்டுன்னு யாரோ சொல்லக் கேட்டு வீட்டுக்காரரு பஸ் ஹோல்ட்லயே நிக்கிறாரு. என்னத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்தாரு. கை காலெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சதும் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. அப்புறம்தான் திட்டினாரு.

வெள்ளிக்கெழம பிளேன் ஏறினேன். திருச்சியில அக்கா வெளிய நின்னா. தலை நரைச்சிருந்துச்சு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுத அழுகைக்குப் போற வர்ற ஆளெல்லாம் நின்னு பாத்துச்சு.

வீட்டுக்குப் போற வழியில, டொலர் மாத்துற கடை ஒண்ணுல எறங்கினோம். நோட்டுக் கட்டெல்லாத்தையும் கவுன்டர்ல வச்சேன்.

அந்தாளு ஒண்ண எடுத்து விரல்ல தேச்சுப் பாத்தாரு. "ஒத்த டாலருக்கு ரேட்டு கம்மிங்கம்மா. இது கசங்கி வேற இருக்கு. இன்னும் கொஞ்சம் கம்மி."

"டொலர் டொலர்தானே தம்பி?"

"அது அப்படித்தாங்க."

ஊரு வேற, நாடு வேற, பதில் ஒண்ணுதான். நான் நின்ன எடத்துலேயே மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். பேங்க்ல வாங்கியிருந்தா எவ்வளவு போயிருக்குமோ, சரியா அவ்வளவு போச்சு. அதுக்கு மேல ரெண்டு டீக் காசு நட்டம்.

"என்னடி மூஞ்சி இப்படியிருக்கு? வா, டீ குடிப்போம்"னு அக்கா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா.

அந்த ரெண்டு டீக் காசையும் அவதான் குடுத்தா.