கீழ் வீட்டில் அச்சான புகார்

எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிவரை என்னிடம் இருந்தது.

ராயப்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். அன்று பதினோரு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். எங்களுக்கு நேர் கீழே இருக்கும் மும்தாஜ் அக்காதான் செயலாளர். அவர்மேல் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி வைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி ஆறு மாதமாகிறது, படிக்கட்டு முழுக்க அவருடைய பூந்தொட்டிகள், கேட்டால் சிரித்தே மழுப்புகிறார். "இது கொடுங்கோலாட்சி!" என்று முடித்திருந்தேன். (எழுதும்போது எனக்கே புல்லரித்தது.)

பிரிண்ட் எடுக்கப் போனால், வைஃபை இல்லை.

"கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணிப் பாரேன்," என்றார் என் கணவர் செந்தில்.

"எதுக்கு? நானே சரி பண்றேன்."

ரூட்டரை அணைத்துப் போட்டேன். சிவப்பு விளக்கு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே சிவப்பு. ரூட்டரின் முதுகில் ஒரு பொடி ஓட்டை தெரிந்தது. ஹேர்பின்னை உள்ளே விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். (எங்கள் பாஸ்வேர்டு உட்பட சகலத்தையும் ரூட்டர் மறப்பதற்கான ஓட்டை அது என்று பிறகு தெரிந்தது.)

சற்று நேரத்தில் கம்ப்யூட்டரில் வைஃபை வந்துவிட்டது!

"பார்த்தீங்களா?" என்று செந்திலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டியலில் 'தயார்' என்று காட்டிய பிரிண்டரைக் கிளிக் செய்தேன். காகிதம் வரவில்லை. மறுபடி கிளிக் செய்தேன். இன்னொரு முறை. கோபத்தில், வீட்டுக்கு ஒன்று என எட்டுப் பிரதி கொடுத்தேன்.

"பிரிண்டர்ல சத்தமே இல்லையே?"

"சூடாகுதுங்க. கொஞ்சம் பொறுங்க."

காலிங்பெல் அடித்தது. வாசலில் மும்தாஜ் அக்கா, கையில் காகிதக் கட்டோடு.

"இன்னா வித்யா இது? எங்க வூட்டு பிரிண்டர் அதுபாட்டுக்குத் துப்பிக்கினே கீது!"

மேல் காகிதத்தில், தடித்த எழுத்தில் அவர் பெயர். அதற்கு முந்தின மாதம் எங்கள் நெட் படுத்துக்கொண்டபோது, தன் பாஸ்வேர்டைக் கொடுத்து, என் மாமியாரின் ரயில் டிக்கெட்டைத் தன் பிரிண்டரிலேயே எடுக்கச் சொன்னவர் இந்த அக்கா. நான் சுத்தமாக மறந்துவிட்டேன். என் கம்ப்யூட்டருக்கு நன்றியுணர்ச்சி அதிகம். தானாகவே அவருடைய வைஃபையைத் தேடிப் போயிருக்கிறது.

"படிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பதினோரு தபா வந்துச்சு. படிக்காம?" முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒரு மாடி எறங்கி வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அக்கா தானே அந்தக் காகிதங்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். "தொட்டி விஷயம் கரெக்டு. இவ்ளோ அக்கறை கீறவங்களே செயலாளரா இருக்கட்டும்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் செந்தில்.

மூன்று வருடமாக நான்தான் செயலாளர். பூந்தொட்டிகள் படிக்கட்டிலேயே இருக்கின்றன. எடுக்கச் சொல்ல எனக்கு முகமில்லை.

இப்போதும் வீட்டில் மிக்ஸி நின்று, அதை நான் சரிசெய்ய உட்கார்ந்தால் போதும், செந்தில் செருப்பை மாட்டிக்கொள்வார்.

"கொஞ்சம் இரு. கீழ் வீட்ல என்ன அரையுதுன்னு பார்த்துட்டு வந்துடறேன்."