வெயிலில் நின்ற தக்காளி

கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்க்கும் என் அண்ணன் மகனுக்கு, அத்தை ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம், என் முழங்கால் நீங்கலாக. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எங்க விவசாயிகள் சங்கத்துக்கு வச்சுக் கொடுத்த பிளாக்செயின் நல்லாவே வேலை செய்யுதுப்பா. தக்காளிப் பெட்டி யார் கைக்குப் போனாலும், அதுல ஒட்டியிருக்கற சீட்டைப் போன்ல காட்டி நேரத்தைப் பதியணும், பதிஞ்சது எல்லார் போன்லயும் ஏறிடும், அப்புறம் எவராலும் அழிக்க முடியாதுன்னு நீ சொன்னப்போ உன் மாமா கொட்டாவி விட்டார். நான்தான் கவனமா கேட்டுக்கிட்டேன். மூணு வருஷமா, சந்தையில நம்ம தக்காளியை வாங்கற அந்தக் கமிஷன் கடைக்காரர், "அக்கா, உங்க தக்காளி வரும்போதே குழைஞ்சிருக்கு, ரெண்டாம் ரகம்தான்"னு சொல்லிப் பாதி விலைக்கு எடுத்துக்கிட்டிருந்தாரா, நானும் நம்ம மண்ணுதான் சரியில்லைன்னு நினைச்சு அதுக்காக விரதமெல்லாம் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை போனைப் பார்த்தா, லாரி டிரைவர் அவர் கடை வாசல்ல இறக்குனது எட்டு மணி, இவர் உள்ள எடுத்து வச்சது பன்னண்டு மணி. நடுவுல நாலு மணி நேரம் மொட்டை வெயில்ல நின்னிருக்கு. அங்க என்னை நிக்க வச்சாலும் குழைஞ்சிருப்பேன்.

நேரா கடைக்குப் போயி அவர் நாற்காலியிலயே உக்காந்துட்டேன். "மிஷின் தப்பா காட்டுதுக்கா"ன்னார். "முப்பது பேர் பெட்டிக்கும் அதே தப்பைக் காட்டுதே, ரொம்ப ஒழுங்கான மிஷின்தான்"னேன். கடைசில, "அந்த ஒரு வரியை மட்டும் அழிக்கச் சொல்லுங்கக்கா, இனிமே உங்களுக்கு முதல் ரகம்னே போடறேன்"னு இறங்கி வந்தார். முடியவே முடியாதுன்னுட்டேன். உனக்குப் போன் பண்ணுவார், அழுவார், பிள்ளைங்க படிப்பைச் சொல்லுவார். நீ மசியாதே. எழுதுனது எழுதுனதுதான். புதன்கிழமை சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் நானே அந்தப் பதிவைப் படிக்கப் போறேன், அதுக்காகக் கண்ணாடிகூட மாத்தியாச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லா நலமும் உனக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அத்தை

பின்குறிப்பு: இதை மடிக்கற நேரத்துல சங்கத் தலைவர் வந்து, மொத்தப் பதிவையும் முதல் வரியிலேருந்து படிக்கணும்னு சொல்லிட்டுப் போறார். முதல் வரி நம்மளோடது, "காலை ஐந்து மணிக்குப் பறித்தது"ன்னு. அஞ்சு மணிக்கு நான் மணியடிச்சுப் பூஜை பண்றது தெருவுக்கே கேக்கும், உன் மாமா குறட்டையும் கேக்கும். பறிச்சது முந்தின நாள் சாயங்காலம். சாமி இதை எப்பவோ மன்னிச்சிருப்பார். உன் பிளாக்செயினுக்கு அந்தப் பழக்கம் உண்டான்னு பார்த்துச் சொல்லு, புதன்கிழமைக்குள்ள.