கை வீசிக்கிட்டு மெட்ராஸு

ஆயுத பூஜை லீவுக்குக் குடும்பத்தோடு மெட்ராஸ் போய் வருவது என்று கலியமூர்த்தி முடிவு கட்டிவிட்டான். விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் காது ஒட்டுகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்கக் காது ஒட்டிவிட்டு வருகிறவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஒருத்தர் இல்லை என்பது அவனுடைய நெடுநாள் ஆத்திரம். இந்தத் தடவை கேட்டே ஆகவேண்டும். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தங்கராசு டீ குடிக்க வந்து உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னான். சாட்சி வேண்டும் அல்லவா.

"சனிக்கிழமை காலையில வண்டி ஏறுறோம். உயிர்காலேஜு, செத்தகாலேஜு, பீச்சு, எல்.ஐ.சி. பில்டிங்கு. எல்லாத்தையும் பாக்குறோம். ஞாயித்துக்கிழமை திரும்புறோம்."

"செத்தகாலேஜுன்னா?" என்றான் தங்கராசு.

"மிருகத்த உயிரோட வச்சிருந்தா உயிர்காலேஜு. பாடம் பண்ணி வச்சிருந்தா செத்தகாலேஜு. இதுகூடத் தெரியாதா?"

அவன் மனைவி கொளஞ்சியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். "மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டா?"

கலியமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைச் சொன்னாலும் முதல் வார்த்தையே முட்டுக்கட்டை.

"வச்சிக்கிட்டுத்தான். பின்ன, எறக்கி வச்சிட்டா போவாங்க?"

"ஐப்பசி மாசங்க. மழை புடிச்சிக்கும்."

"மெட்ராஸுல கூரையே இல்லயா?"

"சின்னவன் இடுப்ப வுட்டு எறங்க மாட்டான்."

"நான் தூக்குறேன்."

"நடுவுலவன் கைய உதறிட்டு ஓடுவான்."

"இன்னொரு கையால அவனப் புடிச்சிக்கிறேன்."

"பெரியவளுக்கு வண்டி ஏறுனா வாந்தி வரும்."

"எலுமிச்சம்பழம் எதுக்கு இருக்குது?"

"மூணு பேருக்கும் சோறு ஊட்டணுமே."

"ஓட்டல்ல இட்லிய வாங்கி வச்சா அதுங்களே தின்னுது. இதெல்லாம் ஒரு வேலையா? பொம்பளைங்க நீங்களாப் பெருசு பண்ணி வச்சிருக்கீங்க. வுட்டா நான் ஒருத்தனே மூணையும் கூட்டிக்கிட்டு, கைய வீசிக்கிட்டுப் போயிட்டு வந்துடுவேன்."

கொளஞ்சியம்மாள் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"நெசமாவா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"தங்கராசண்ணே, நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா," என்றான் தங்கராசு. அதுவரை எதுவுமே காதில் விழாதவன் போல டீயை ஊதிக்கொண்டிருந்த படுபாவி.

"அப்பச் சரிங்க. நீங்களே கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. பெரியவ பொறந்ததுலேருந்து நான் பகல்ல கண்ணசந்ததே இல்ல. ரெண்டு நாளு தூங்கி எழுந்திருக்கிறேன்."

மறுநாள் அவன் கம்பெனிக்குப் போகுமுன்னே சேதி போயிருந்தது. சூளைக்காரர்கள்கூட, "என்னா கலியமூர்த்தி, நீ ஒருத்தனே மூணு புள்ளையையும் கூட்டிட்டுப் போறியாமே," என்று விசாரித்தார்கள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லை. இவள் ஒரு பேச்சுக்காவது "வேண்டாங்க" என்று சொல்ல வேண்டாமா? கட்டின புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கையா, இல்லை அவ்வளவு அலட்சியமா?

பிள்ளைகளே மாட்டேன் என்று அழுதால் தப்பித்துக்கொள்ளலாம். மூன்றையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"மெட்ராஸுல புள்ள புடிக்கிறவன் சுத்துவான். சாக்குல போட்டுக் கட்டித் தூக்கிட்டுப் போயிடுவான்."

"ஒரு சாக்குல எத்தன பேரு புடிக்கும்பா?" என்றான் நடுவுலவன்.

"கடல்ல அலை வரும். ஆள உள்ள இழுத்துடும்."

"எவ்வளவு தூரம் இழுக்கும்பா?" என்றாள் பெரியவள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் மெட்ராஸ் பேச்சைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. சின்னவன் ஒரு கோணியைக் கண்டெடுத்து அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

சரி, இவளையே ஆசை காட்டி இழுத்துவிடலாம் என்று பார்த்தான்.

"கொளஞ்சி, மெட்ராஸுல சேலை நல்லா இருக்குமாம். நீ வந்தா ஒனக்குப் புடிச்சதா எடுத்துக்கலாம்."

"நீங்க எடுத்துட்டு வந்தா எனக்குப் புடிக்காமப் போயிடுமா? மாம்பழக் கலர்ல, அரக்கு பார்டரா பாருங்க."

"ஒன் தங்கச்சி ராஜம்மாளு பெரம்பூர்ல இருக்குது. பாத்து வருஷமாச்சேன்னு அழுவியே."

"நல்லவேள ஞாபகப்படுத்துனீங்க. ஒரு டின்னு முறுக்கு சுட்டுத் தரேன். குடுத்துட்டு, ராத்திரி அங்கயே தங்கிக்குங்க."

"எனக்கே காச்ச வர்ற மாதிரி இருக்குது."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "கடல்காத்து பட்டா சரியாப் போயிடுங்க."

வாயைத் திறக்கத் திறக்கச் சுமை ஏறியது. கலியமூர்த்தி வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில், இடுப்பில் சின்னவன், ஒரு கையில் நடுவுலவன், மறு கையில் முறுக்கு டின், தோளில் துணிப்பை. வீசுவதற்குக் கை மிச்சமில்லை. கொளஞ்சியம்மாள் ஜன்னலோரம் நின்று, "சூதானமா போயிட்டு வாங்க," என்று கொட்டாவி விட்டாள்.

உளுந்தூர்பேட்டை வருவதற்குள் பெரியவள் வாந்தி எடுத்தாள். அவளுக்கென்று கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை நடுவுலவன் அதற்குமுன்பே கடித்துத் துப்பியிருந்தான். உயிர்காலேஜில் அவன் முறுக்கு டின்னோடு காணாமல் போய், கலியமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேடி, கடைசியில் குரங்குக் கூண்டுக்கு எதிரே முறுக்குத் தின்றுகொண்டிருந்தபோது அகப்பட்டான். டின்னில் பாதி காலி. செத்தகாலேஜுக்குள் நுழைந்தபோது மழை பிடித்தது. உயிருக்கும் செத்ததுக்கும் நடுவில் எதில் தான் இருக்கிறோம் என்பது கலியமூர்த்திக்கே விளங்கவில்லை. பீச்சில் சின்னவனுக்கு வயிறு கலக்கிவிட்டது. கடலோரம் உட்காரவைத்துக் கழுவிவிடும்போது அலை வந்து கலியமூர்த்தியின் ஒரு செருப்பைக் கொண்டுபோயிற்று. மறுநாள் சேலைக்கடையில் மாம்பழக் கலர் கிடைத்து, அரக்கு பார்டர் கிடைப்பதற்குள் பிள்ளைகள் விரிப்பில் மூன்று குட்டிக்கரணம் போட்டார்கள்.

திரும்பி வரும் வண்டி முழுக்க, அவளிடம் கேட்கவேண்டியதைக் கலியமூர்த்தி மனசுக்குள் கோர்த்துக்கொண்டே வந்தான். நீ ஒரு தாயா? புருஷன் படுகிற பாடு உனக்குச் சிரிப்பாப் போச்சா?

வீட்டு வாசலில் கொளஞ்சியம்மாள் நின்றாள். முகம் தெளிந்து, கல்யாணத்தன்று பார்த்த மாதிரி இருந்தாள். அது அவன் ஆத்திரத்தை இன்னும் கிளப்பிற்று. வெறுங்காலோடு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். அவள் ஒரு சொல் குறுக்கே பேசவில்லை.

"ஆமாங்க. ரொம்பக் கஷ்டம்தான். புள்ளைங்கள ஒருத்தரா சமாளிக்க முடியுங்களா?" என்றாள்.

கலியமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முதன்முறையாக வீட்டில் அவன் சொன்னது எடுபட்டிருக்கிறது. அவள் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான்.

கொல்லைப்பக்கத்திலிருந்து சின்னவன் கத்தினான். "கழுவி வுடு."

"ஒங்கம்மா வர்றாடா," என்றான் கலியமூர்த்தி.

"அம்மா வேணாம். அப்பாதான் வரணும்."

கொளஞ்சியம்மாள் புதுச்சேலையை மடியில் விரித்துப் பார்டரைத் தடவிப் பார்த்தபடியே சொன்னாள்.

"காப்பி ஆறுனா சுட வச்சித் தரேன். போயிட்டு வாங்க."