உப்புப் பார்க்கும் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்க வேண்டி

பாளையங்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான எப்சி மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி பியூலா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே உங்கள் தம்பி ஜாஸ்பரும் ரீபாவும் நானும், என் நாக்கு நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கே கோயம்புத்தூரில் நீங்களும் பெனோவும் மருமகளும் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் காதுக்கு எட்டும்படி நான் போனில் பேசினால் நம் தெருவுக்கே எட்டும். இது தெருவுக்கு எட்டக் கூடாத விஷயம். வாட்ஸ்அப்பில் எழுதினால் பெனோதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்தில் ஆயிரத்து இருநூறு பேர் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் கறிக்குழம்பில் உப்புப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை, உங்களுக்கு முட்டு வலி என்று சொல்லி, பதினொரு வருடத்துக்கு முன் என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இனி என்னால் முடியாது. நீங்கள் ஒரு வரி எழுதினால் அசனக் கமிட்டிச் செயலாளர் வேதமுத்து அண்ணன் கேட்பார். நான் சொன்னால், "சும்மா இருங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நான் டீச்சர் இல்லை, கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்று இருபது வருடமாக அவரிடம் சொல்லிவருகிறேன். அதுவும் இன்னும் ஏறவில்லை.

ஏன் முடியாது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்து காபி குடித்தேன். நாக்கு சுட்டதுபோல் இருந்தது. காபிதான் சூடு என்று நினைத்தேன். மறுநாள் ஆறவைத்துக் குடித்தேன், சுட்டது. அதற்கு மறுநாள் காபியே குடிக்கவில்லை, அப்போதும் சுட்டது. கண்ணாடியில் நீட்டிப் பார்த்தால் ஒரு புண் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கிடக்கிறது. உங்கள் தம்பி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான இருக்கு. எங்கன எரியுது?"

"நுனியில."

"நுனியில ஒண்ணுங் காணலையே."

"ஒண்ணும் இல்லாமத்தான் எரியுது."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு எரியுது?"

இதே கேள்வியைத்தான் பிறகு மூன்று டாக்டர்களும் கேட்டார்கள். டார்ச் மட்டும் இன்னும் பெரிதாக இருந்தது. முதலாமவர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார். ஒரு மாதம் தின்றேன். ரத்தத்தில் சத்து கூடியது, நாக்கில் எரிச்சல் குறையவில்லை. வண்ணார்பேட்டையில் பல் டாக்டர், கடைவாய்ப் பல் ஒன்று கூராக இருக்கிறது, அது உரசுகிறது என்று சொல்லி ராவிவிட்டார். எரிவது நுனி, ராவியது கடைவாய். அன்றிலிருந்து நாக்கு எரிந்துகொண்டே அந்தப் பல்லை வேறு நிமிடத்துக்கொரு தரம் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது. மூன்றாமவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, "எல்லாம் நார்மல்மா" என்றார். மதினி, இந்த 'நார்மல்' என்ற வார்த்தையை நான் எட்டு மாதத்தில் கேட்டதுபோல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதுபோல் முகம் சூடாகிறது. அப்புறம் எல்லாரும் ஒன்றுபோல் தலையைச் சாய்த்து, "வீட்ல எதுவும் டென்ஷன் உண்டா?" என்பார்கள். உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

நாக்கு ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. ரீபா பிறந்ததிலிருந்து எனக்குத் தைராய்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அது தின்ற கொஞ்ச நேரத்துக்குக் காபி ஆகாது. இரும்புச்சத்து மாத்திரை அதோடு சேராது. கால்சியம் அந்த இரண்டோடும் சேராது. நெஞ்சுக்கரிப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு. கண் வறண்டுபோகிறது என்று சொட்டு மருந்து வேறு. பிரிட்ஜ் கதவில் எங்கள் கல்லூரிப் பரீட்சை அட்டவணைபோல் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதில் எது எதனால் வந்தது, எந்த மாத்திரை எந்த மாத்திரையைச் சமாளிக்க வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கோடு போட்டுப் பார்த்தேன். கடைசியில் எல்லாக் கோடும் எல்லாவற்றிலும் போய் முட்டியது. ரீபா எட்டிப் பார்த்துவிட்டு, "இது கோலமாம்மா?" என்று கேட்டாள்.

உங்கள் தம்பி, இது உடம்புச் சூடு, பாபநாசத்தில் போய் முங்கி எழுந்தால் சரியாகும் என்றார்கள். போனோம். ஆற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்து, தலை முதல் கால்வரை குளிர்ந்துபோய் நாக்கு மட்டும் அடுப்பில் கிடந்தது. கரையேறிப் பார்த்தால் குரங்கு என் பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்திருந்தது. நான் நான்கு மணி நேரம் இடைவெளி விட்டுத் தின்பதை அது வரிசையாகக் கடித்துத் துப்பியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வேலையிடத்தில் மேலப்பாளையத்திலிருந்து வரும் ஷம்ஸியா மட்டும்தான் ஏன் எதனால் என்று கேட்காதவள். தினமும் மணத்தக்காளிக் கீரை வதக்கித் தேங்காய்ப்பால் விட்டு டப்பாவில் கொண்டுவந்து வைப்பாள். "எரியுதுன்னா எரியுதுதான். எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் சாப்பிடுவியளாக்கும். தின்னுங்கக்கா" என்பாள். கீரையில் சரியாகவில்லை. ஆனாலும் அதைத் தின்னும் பத்து நிமிடம் என்னவோ கொஞ்சம் லேசாக இருக்கும்.

நாலாவதாக ஒரு வயதான பெண் டாக்டரிடம் போனேன். டார்ச்சை எடுக்கவே இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "இப்படி ஒண்ணு உண்டும்மா. உங்க வயசுப் பொம்பளைங்களுக்கு அதிகமா வருது. காரணம் பல நேரம் புடிபடாது. ஆனா நீங்க கற்பனை பண்ணல" என்றார்கள். மதினி, எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நோய்க்கு என்ன பெயர் என்று கேட்டேன். "வாய் எரிச்சல்" என்றார்கள். அதை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

இனி உப்பு. எரிச்சலோடு எரிச்சலாக ருசியும் மாறிவிட்டது. எதைத் தின்றாலும் சாவியை வாயில் போட்டதுபோல் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாதிரி ஐயர் ஜெபம் பண்ணி முடிக்கிறவரைக்கும் அசனக் குழம்பை வாயில் வைக்க சபையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை, சமையல்காரருக்குக் கூடக் கிடையாது. உங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து எனக்கென்று கிடைத்த ஒரே மரியாதை அது. அந்த நாக்கே கெட்டுப்போயிற்று என்று எப்படிச் சொல்வேன்? செப்டம்பரில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் புளியோதரையை என்னிடம் நீட்டினார்கள். வாயில் வைத்தேன், வெறும் இரும்பு. "உப்பு பத்தாது" என்றேன். போட்டார்கள். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அதையும் போட்டார்கள். அன்றைக்கு முப்பத்தாறு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் தின்றுவிட்டு ஆளுக்கு நாலு தம்ளர் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். வீட்டில் வந்து ரீபாதான் சொன்னாள்: "கடல்ல வேகவச்ச சோறும்மா." பிறகு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கதான சரின்னு சொன்னிய. அவுகவுக தன் வாயிலதான் கோளாறுன்னு நெனச்சிருப்பாவ."

அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்தேன். அசனத்தன்று என்ன ஆனாலும் உப்புப் போடு என்று சொல்லவே கூடாது.

போன சனிக்கிழமை அசனம். பத்து மணிக்கு வேதமுத்து அண்ணன் வந்து கூப்பிட்டார். கோயில் வளாகத்தில் நாலு கிடாரத்தில் குழம்பு கொதிக்கிறது. சமையல்காரர் பூதத்தான் வழக்கம்போல் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நக்கினேன். சாவிதான். கண்ணை மூடினேன். எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "சரியா இருக்கு" என்றேன்.

பூதத்தான் நகரவில்லை. "நல்லா பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார்.

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

"இன்னொரு சொட்டு விடட்டுமா? பைய பாருங்க, அவசரமில்ல."

"வேண்டாம் பூதம். எறக்கிரும்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இறக்கினார்கள், ஐயர் ஜெபம் பண்ணினார், பந்தி போட்டார்கள். முதல் பந்தியிலேயே ஊறுகாய் தீர்ந்துபோயிற்று. இரண்டாவது பந்தியில் பிள்ளைகள் அப்பளத்தைக் குழம்பில் நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் பிறகு என்னைப் பார்ப்பதும் குனிந்து தின்பதுமாக இருந்தார்கள். மூன்றாவது பந்திக்கு வேதமுத்து அண்ணன் மைக்கைப் பிடித்து, சபையாரின் ரத்த அழுத்தத்தை முன்னிட்டு இந்த ஆண்டு அசனத்தில் உப்பு குறைக்கப்பட்டிருக்கிறது, இந்த நல்ல யோசனைக்காகப் பியூலா டீச்சருக்கு நன்றி என்று அறிவித்தார். கை வேறு தட்டினார்கள். உங்கள் தம்பியும் தட்டினார்கள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பூதத்தானைத் தேடிப் போனேன். மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருவத்திரெண்டு வருசமா இந்த வளாகத்துல சமைக்குதேன். ஒரு நா இப்படித் தலை குனிஞ்சதில்ல. ஏங்கக்கா இப்படிப் பண்ணினிய?"

"நான் என்ன பண்ணினேன்?"

"எப்சியக்கா காலத்துல இருந்து உள்ள வழக்கம்லா. நான் என்ன போட்டாலும் அவுக கண்ண மூடி, 'இன்னும் ரெண்டு சிரட்டை போடு பூதம்'னுதான் சொல்லுவாவ. ரெண்டு வருசம் சொன்னபடி போட்டுக் குழம்பு கரிச்சிப் போச்சு. அதுக்குப் பொறவு கிடாரத்துக்கு ரெண்டு சிரட்டை உப்ப எடுத்து வச்சிட்டுத்தான் கூப்பிடுதது. அவுக சொல்லுவாவ, நான் போடுவேன், கணக்காயிரும். நீங்களும் வந்த நாள்ல இருந்து ரெண்டு சிரட்டைன்னுதான சொன்னிய."

"அப்போ இன்னைக்கு நான் சரின்னு சொன்னதும் நீரே போட்டிருக்கலாம்லா?"

"சபைக்கு முன்னால நீங்க சரின்னு சொன்ன பொறவு நான் போட்டா, ஒங்க நாக்குக்கு மேல என் கையா?"

அந்த எட்டு சிரட்டை உப்பும் ஒரு வாளியில் அப்படியே இருந்தது. எனக்குக் காட்டினார்.

ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இரண்டு சிரட்டை குறைத்து வைத்தார், நான் ருசி பார்த்து இரண்டு சிரட்டை குறைகிறது என்றேன். அப்படியென்றால் பதினொரு வருடம் என் நாக்கு சரியாகத்தானே வேலை செய்திருக்கிறது? அல்லது நீங்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு என் வாயும் அதையே சொல்லப் பழகிவிட்டதா? நான் ருசித்துச் சொன்னேனா, சொல்லிவிட்டு ருசித்தேனா? எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்றால் ருசி பார்க்க நாக்கு இல்லை. பந்தியில் அத்தனை பேர் தங்கள் நாக்கை நம்பாமல் என் நாக்கை நம்பினார்கள். நான் என்னடாவென்றால், எரிகிறது என்று எட்டு மாதமாக அது சொல்வதை, நாலாவது டாக்டர் சொன்ன பிறகுதான் முழுதாக நம்பினேன்.

ஆகையால் மதினி, நீங்கள் கட்டிக் காத்த பொறுப்பை நான் கெடுத்துவிட்டேன். உங்கள் நாக்கு எங்கே, என் நாக்கு எங்கே? தயவுசெய்து என்னை மன்னித்து, வேதமுத்து அண்ணனுக்கு ஒரு வரி எழுதி என்னை விடுவித்துவிடுங்கள். காரணம் முட்டு வலி என்றே எழுதலாம். உங்கள் தம்பிக்கு இந்தக் கடிதம் தெரியாது. குழந்தைக்கு என் முத்தம். வருகிற கிறிஸ்மஸ் உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
பியூலா.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெனோ போன் பண்ணினான். பேச்சுவாக்கில், அம்மாவுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அம்மா எங்க அத்தே ஊறுகா திங்குதாங்க. பதினஞ்சு வருசமா நாக்கு எரியுதுன்னு தயிருஞ்சோறுதான. அசனத்துக்கு உப்புப் பாக்குதவளுக்கு நாக்குல கோளாறுன்னா ஊரு சிரிக்கும்னு யார்ட்டயும் சொல்ல விடல. ஒங்களுக்குக் கூடவா தெரியாது?" என்றான். பொறுப்பை ஒப்படைத்த அன்றைக்கு நீங்கள் தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. முட்டு வலிக்கு எதற்குத் தண்ணீர் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. நாம் ரத்த சம்பந்தமும் இல்லை, இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கிடாரம் ஒன்றுதான். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? மேலே எழுதியது எதையும் வாசிக்க வேண்டாம். வேதமுத்து அண்ணனுக்கும் எழுத வேண்டாம். அடுத்த வருடமும் நானே போய்க் கண்ணை மூடி ரெண்டு சிரட்டை என்று சொல்லிவிட்டு வருகிறேன். எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்: உங்களுக்கு எரிச்சல் காலையிலேயே கூடிவிடுமா, இல்லை எனக்குப்போல் சாயங்காலம்தானா?