வாலுக்குள் ஆள் தேவை

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் வெண்டல் அவர்களுக்கு,

அயோவாவிலிருந்து டெல்மார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் பசுக்களும், புதிதாக வைத்த முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

நிற்க. பாகங்களாக வாங்கிக் கார் ஷெட்டில் நான் கட்டும் விமானம் பாதியில் நிற்கிறது. பெட்டி பெட்டியாகத் தகடு வந்து இறங்கியபோது, அலுமினியம்தானே, சொன்னபடி கேட்கும் என்று நினைத்தேன். அது உங்கள் தங்கையைவிடப் பிடிவாதம். துளை போட்டால் பிசிறு, பிசிறை அரத்தால் எடுத்தால் கீறல், கீறலைத் தேய்த்தால் தகடே மெலிந்துவிடுகிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலை துருத்தாமல் உட்கார, துளையைச் சுற்றிக் குழி அழுத்த வேண்டும். ஒரு முழுத் தகட்டைக் குப்புறப் போட்டு அழுத்தியதில் குழியெல்லாம் மேடாகிவிட்டது. ஒருவர் முதலில் கெடுத்த தகட்டில் அவர் பெயரெழுதிச் சங்கக் கூடத்தில் மாட்டுவது எங்கள் விமானம் கட்டுவோர் சங்கத்தின் வழக்கம். மாட்டினார்கள், கைதட்டினார்கள், ஆப்பிள் கேக் வெட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வால் பகுதியில்தான் வினை வந்தது. வெளியே நான் காற்றுச் சுத்தியலால் ரிவெட் அடிக்க, உள்ளே உங்கள் தங்கை ஆர்லிஸ் படுத்துக்கொண்டு இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். கட்டை ஆடினாலும் ரிவெட் கோணும், சுத்தியல் ஆடினாலும் கோணும். ஞாயிற்றுக்கிழமை வரிசையாக மூன்று கோணின. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என்னடி, உள்ள தூங்கிட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஊர்ந்து வெளியே வந்தாள். "ஆடினது என் கையா, உங்க கையா? இனிமே உங்க வாலுக்குள்ள நான் வரமாட்டேன். கட்டி முடிச்சாலும் அதுல ஏறமாட்டேன்!"

அந்தக் கடைசி வார்த்தைதான் மச்சான், சுருக்கென்று தைத்தது. இரண்டு சீட் விமானம் எதற்கு வாங்கினேன்? அவள் இல்லாமல் அவ்வளவு உயரம் போய் யாரிடம் பேசுவது?

ரோஷத்தில் நானே உள்ளே நுழைந்தேன். தோள் போயிற்று, தொப்பை போகவில்லை. பக்கத்து வீட்டு ராய்ஸ் வந்து பூட்ஸைப் பிடித்து இழுத்தான். "என்ன டெல்மார், வாங்கினப்புறம் அளவு பாக்கறியா?" என்று வேறு கேட்டான்.

ஆகவே சனிக்கிழமை அவசியம் வாருங்கள். நீங்கள் ஒல்லி. அப்படியே அவளிடம் எனக்காக இரண்டு வார்த்தை சொல்லுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் விற்றுவிடுவேன், இது சத்தியம்.

உங்கள் தொழுவத்தில் பாலும் வீட்டில் சிரிப்பும் பொங்கட்டும்.

இப்படிக்கு,
டெல்மார் ஹாகன்

பி.கு.: வர வேண்டாம். தபால்தலை எடுத்துத் திரும்பினால், வாலிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "என்ன வேடிக்கை? அடிங்க. ஆடாம அடிங்க." அடித்தேன். முழு வரிசையில் ஒன்றுகூடக் கோணவில்லை. அன்று ஆடியது என் கைதான். "இதுல ஏறுவியா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஏறுவேன். ஆனா அந்தக் கைய நம்பி இல்ல. ஓட்டறது நான்தான்" என்றாள். வியாழன்தோறும் சர்ச் பாட்டுக் குழுவுக்குப் போகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். அங்கே போகாமல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம், மச்சான்! நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன்.