சீரில் வந்த வண்டி

"வண்டி பறக்குது மாமா!" என்று ஜெரால்ட் போனில் சொல்லி முடிக்கவும், அந்த மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஓணான் தலையை நீட்டி அவனைப் பார்க்கவும் சரியாக இருந்தது.

மறுமுனையில் இருந்தவர் மாமனார் மோசஸ்.

"பறக்குதா?" என்றார். குரலே ஒரு மாதிரியாக இருந்தது. "ஞாயித்துக்கெழம பாப்பா ஞானஸ்நானத்துக்கு வரேன் இல்ல... அப்ப அத்த என் கண்ணால பாக்கணும்."

போன் கட்டானது. ஜெரால்ட் ஓணானை விரட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

உட்காராமல் என்ன செய்வான்? கல்யாணத்தில் மாமனார் சீராகக் கொடுத்த வண்டி அது. பழையதுதான், ஆனால் டேங்கைப் பளபளவென்று துடைத்து, மாலை போட்டு, ராஜா மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார்கள். தேர்வாய் கண்டிகையில் இருக்கும் பாக்டரிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து கூட்டிப்போனதால், மாப்பிள்ளை ஐயா அதைத் தொடவில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தியது நிறுத்தியதுதான். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்த பிறகு ஆசையாக உதைத்துப் பார்த்தான். மூச்சு பேச்சு இல்லை. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கல்யாணமானதிலிருந்து மோசஸ் இந்த வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை. குழந்தை பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியோடு பார்த்துவிட்டுப் போய்விட்டார். கான்ட்ராக்டில் வேலை செய்கிற மருமகனைப் பிடிக்கவில்லை போல என்று ஜெரால்ட் நினைத்துக்கொண்டான். வேறென்ன நினைப்பான்?

"நைனா இந்தத் தபாவும் மூஞ்சியத் திருப்பிக்கினு போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க," என்றாள் அவன் மனைவி சாராள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "எப்படியாவது வண்டிய ஓட வெச்சுடுங்க."

மெக்கானிக்கிடம் விடலாம் என்றால், பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்ததோடு கை காலி. சரி, யூடியூப் இருக்கிறது, கம்பெனியில் படித்த பாடம் இருக்கிறது, போதாதா? சாமான்களை வரிசையாக அடுக்கு, எல்லாவற்றுக்கும் பேர் ஒட்டு, தேவையில்லாததற்குச் சிவப்புச் சீட்டு போட்டு ஓரங்கட்டு: அவன் லைனில் அதுதான் வேதம். பாயை விரித்து வண்டியைக் கழற்றி அடுக்கினான். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. யூடியூப்காரர் மட்டும், "அடுத்த வீடியோவுல மாட்டறது எப்படின்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போயிருந்தார்.

கார்புரேட்டர் அழுக்காக இருந்தது. பெயிண்ட் கலக்குகிற தின்னரில் ஊறப்போட்டான். அழுக்கு போனது. கூடவே உள்ளே இருந்த ரப்பர் வளையமெல்லாம் ஊறின உளுந்து மாதிரி உப்பிக்கொண்டது. அமுக்கித் திணித்து மாட்டினான். பெட்ரோல் சொட்டியது.

"சோப்பு வெச்சா நிக்கும்," என்று தேய்த்து அடைத்தான்.

"ஐயோ, அது பாப்பா சோப்புங்க!"

சொட்டு நின்றது. எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலும் சேர்ந்து நின்றது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான். ஒரு வாய் பெட்ரோல் உள்ளே போயிருக்கும், நல்லவேளை துப்பிவிட்டான். அன்றைக்குக் கேன்டீன் சாம்பார்கூட பெட்ரோல் பங்க் மாதிரி மணத்தது.

ஒயரை எலி கடித்திருந்தது. கலர் பார்த்துக் கலரோடு முறுக்கினான். சாவியைப் போட்டதுதான் தாமதம், ஹாரன் அலற ஆரம்பித்தது. சாவியை எடுத்தும் நிற்கவில்லை. குழந்தை வீறிட்டது. தெருவே வாசலில் வந்து நின்றது.

"இன்னா ஜெரால்டு, ஆம்புலன்சா?" என்றார் எதிர்வீட்டு முனுசாமி.

"சர்வீஸ் பண்ணிக்கினு இருக்கேண்ணா," என்றான் இவன், ஹாரனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக எல்லாவற்றையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தான். பாயில் இன்னும் மூன்று சாமான்கள் இருந்தன. ஒரு ஸ்பிரிங், ஒரு வளையம், பேரே தெரியாத ஒரு இரும்புத் துண்டு.

"ஏங்க, இது மீந்துபோச்சே?"

"வேண்டாதது. எடம் தெரியலன்னா சிவப்புச் சீட்டு. எங்க கம்பெனி ரூல்."

"வண்டிலேர்ந்து கழட்டுனதுதானே, எப்படிங்க வேண்டாததாவும்?"

"நீ கம்முனு இரு. எனக்கே பேஜாரா கீது."

உதைத்தான். வண்டி அசையவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் மாமனார் முகம்தான் வந்தது.

மறுநாள் ஆலயத்தில் ஞானஸ்நானம் முடிந்தது. குழந்தைக்கு ஏஞ்சல் என்று பேர் வைத்தார்கள். ஜெரால்டின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஜெபம் முழுக்க, "ஆண்டவரே, ஒரே ஒரு தபா" என்பதுதான்.

மோசஸும் மாமியார் கிரேஸும் வீட்டுக்கு வந்தார்கள். சாராள் கொடுத்த ஜூஸை மோசஸ் வாங்கவில்லை. உள்ளேயும் போகவில்லை. நேரே வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

"எங்க மாப்ளே, ஸ்டார்ட் பண்ணு."

ஜெரால்ட் உதைத்தான். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தான். கிக்கர் கீழே போனது போனதுதான், மேலே வரவில்லை. அந்த ஸ்பிரிங் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. கையால் தூக்கிவிட்டான். சாராள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மோசஸுக்கு நெற்றியில் வேர்த்திருந்தது.

மூன்றாவது உதை. டமால்!

மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. கரும்புகை கக்கி, ஹாரன் தானாக அலறி, மட்கார்டு கடகடக்க, வண்டி ஓடியது. நிஜமாகவே ஓடியது!

ஜெரால்ட் சிரித்தபடி திரும்பினான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மோசஸ் பேயறைந்தவர் போல வெளுத்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நைனா!" என்று சாராள் ஓடினாள்.

போச்சு. ராஜா மாதிரி கொடுத்த வண்டியை இந்தக் கோலத்தில் பார்த்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? ஜெரால்ட் எஞ்சினை அணைத்து, ஹாரன் ஒயரையும் பிடுங்கிவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"மாமா, மன்னிச்சுடுங்க. பறக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. நீங்க நல்லா ஓடிக்கினு இருந்த வண்டியக் குடுத்தீங்க. நான்தான் மழைல போட்டு நாசம் பண்ணிட்டேன். அந்தக் கோவத்துல சாராள வெறுத்துடாதீங்க."

மோசஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்தார்.

கிரேஸ் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "எந்திரிங்க மாப்ளே, அது எங்க ஊட்ல ஒரு நாள்கூட ஓடுனதில்ல, கல்யாணத்தன்னிக்கே தெருமுன வரைக்கும் மினி லாரில ஏத்தியாந்து தள்ளிக்கினுதான் வந்தோம், ஓடாத வண்டிய ஏன் குடுத்தீங்கன்னு நீங்க கேட்டுடுவீங்களோன்னு பயந்துதான் இந்த மனுஷன் இத்தினி நாளா இந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்கல!"