நாலு மணி வண்டி

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஒரு எட்டு போய் ஆத்துல கால் நனைச்சுட்டு வந்துடலாமே" என்று மனைவி கெஞ்சினாள்.

"நாலு மணி வண்டியை விட்டா அப்புறம் நாளைக்குத்தான்" என்றார் டிரைவர்.

முப்பது வருடமாக இந்தப் பழைய ஆற்றங்கரை ஊருக்குப் பேருந்து ஓட்டியவர். கோட்டை வாசலில் ஆட்களை இறக்குவார், ஏற்றுவார், திரும்புவார். ஊருக்குள் கால் வைத்ததில்லை. மாதக் கடைசியில் ரிட்டையர் ஆன மறுநாளே கூட்டிப் போகிறேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். சொன்னபடியே, கைபேசியை அணைத்துவிட்டு, கூட்டியும் வந்துவிட்டார். ஆனால் காலையிலிருந்து கடிகாரத்தைத்தான் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி வா. குறுக்கு வழியில போயிடலாம்."

முதல் குறுக்கு வழி, யாரோ துணி காயப்போட்டிருந்த கொல்லையில் முடிந்தது. அடுத்தது, பூட்டிய தானியக் கிடங்கின் வாசலில். மூன்றாவது, சுற்றிச் சுற்றி, அவர்கள் புறப்பட்ட பேருந்து நிறுத்தத்துக்கே கொண்டுவந்து விட்டது. மணி மூன்று ஐம்பத்தைந்து.

"உங்களுக்கு ரோட்டுல மட்டும்தான் வழி தெரியும்" என்றாள் மனைவி. குரல் உடைந்துவிட்டது.

காலை ஷிப்ட் டிரைவர் விட்டுப் போன வண்டி நின்றிருந்தது. டிரைவர் இருக்கை காலி. நாலேகால் ஆயிற்று.

"டிரைவரைக் காணோமாம். கண்டக்டர் தேடிப் போயிருக்கார்" என்றார் ஒரு பயணி.

"என் சர்வீஸ்ல ஒரு நாள் இப்படி நடந்ததுண்டா? இவனையெல்லாம் முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்!" என்று குதித்தார் டிரைவர். பயணிகள் பலமாகத் தலையாட்டினார்கள்.

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "டிரைவர் இல்லாம வண்டி எங்கயும் போகாது. வாங்க."

நிறுத்தத்துக்குப் பின்னாலேயே இருபது படிகள். கீழே ஆறு. இருவரும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தார்கள். அவள் சின்னப் பெண்ணாகக் காலை ஆட்டினாள். இவளை இத்தனை நாள் காக்க வைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அந்த டிரைவர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றாள்.

"மகராசன், நூறு வயசு இருக்கட்டும்" என்றார் அவரும், மனதார.

அப்போது கண்டக்டர் மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடிவந்தார்.

"அண்ணே, இங்கயா இருக்கீங்க? இந்த மாசத்துக்கு முப்பத்தோரு நாள்ணே! இன்னிக்குத்தான் உங்க கடைசி டூட்டி! நாலு மணி வண்டிக்கு நீங்கதான் டிரைவர்!"